ஆறு பதக்கமும் ஒரு பி.டி. பீரியடும்

கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக் முடிந்ததிலிருந்து ஒரே வாட்ஸ்அப் செய்தி எனக்குப் பத்துப் பதினைந்து தடவை வந்துவிட்டது. "140 கோடி மக்கள், ஆறு பதக்கம், ஒரு தங்கம்கூட இல்லை, வெட்கம்!" அனுப்பியவர்களில் நான்கு பேர் என்னிடம் கணக்குப் படித்தவர்கள். ஒருவர் என் மைத்துனர். அவரை விட்டுவிடுகிறேன், அவர் என்னிடம் படிக்கவில்லை. மற்ற நால்வருக்கும் வகுக்கத் தெரியும். எதை எதால் வகுப்பது என்பதில்தான் எனக்குப் பேச்சு இருக்கிறது.

சரி, அவர்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 140 கோடியை ஆறால் வகுத்தால் சுமார் 23 கோடிப் பேருக்கு ஒரு பதக்கம். கரீபியன் கடலில் செயிண்ட் லூசியா என்று ஒரு தீவு இருக்கிறது. நாடு முழுவதையும் கூட்டினாலும் நம் கடலூர் நகரத்து ஜனத்தொகைதான் வரும். அந்த ஊர்ப் பெண் ஜூலியன் ஆல்ஃப்ரெட் 100 மீட்டரில் தங்கமும் 200 மீட்டரில் வெள்ளியும் வாங்கினார். சுமார் 90 ஆயிரம் பேருக்கு ஒரு பதக்கம்! அமெரிக்கா 126 பதக்கம் வாங்கியது. ஆனால் வகுத்துப் பார்த்தால் அங்கே 26 லட்சம் பேருக்கு ஒன்றுதான் வருகிறது. அப்படியானால் அமெரிக்காவும் வெட்கப்பட வேண்டுமே, யாராவது பட்டார்களா?

இந்த வகுத்தல் ஏன் சரிப்படாது என்றால், ஜனத்தொகைக்குத் தகுந்தபடி ஆள் அனுப்ப யாரும் விடுவதில்லை. தடகளத்தில் ஒரு தனிநபர் போட்டிக்கு ஒரு நாடு அதிகபட்சம் மூன்று பேரைத்தான் இறக்கலாம். 140 கோடிக்கும் மூன்று, இரண்டு லட்சத்துக்கும் மூன்று. பட்டியலில் யார் முன்னால் என்பதும் தனிக் கதை. பாகிஸ்தானுக்கு ஒரே பதக்கம், இடம் 62. நமக்கு ஆறு, இடம் 71. அவர்களுடைய ஒன்று தங்கம். அர்ஷத் நதீம் 92.97 மீட்டர் எறிந்த ஈட்டி அது. நம் நீரஜ் சோப்ரா 89.45 எறிந்து வெள்ளி வாங்கினார். பட்டியல் தங்கத்தைத்தான் முதலில் எண்ணும்.

இன்னொன்று, அந்தச் செய்தியை அனுப்பியவர்கள் யாரும் நான்காம் இடங்களைச் சொல்லவில்லை. பாரிஸில் நாம் ஆறு போட்டிகளில் நான்காவதாக வந்தோம். மீராபாய் சானு மொத்தம் 199 கிலோ தூக்கினார், வெண்கலம் வாங்கியவர் 200. ஸ்கீட் கலப்பு இரட்டையரில் மகேஸ்வரி சௌகானும் அனந்த்ஜீத்தும் 43க்கு 44 என்று ஒரே புள்ளியில் விட்டார்கள். லக்ஷ்யா சென் முதல் கேமை ஜெயித்துவிட்டுத் தோற்றார். அர்ஜுன் பபுதாவுக்கும் வில்வித்தை ஜோடிக்கும் அதே கதி. ஏற்கெனவே இரண்டு வெண்கலம் வாங்கியிருந்த மனு பாக்கர்கூட மூன்றாவது போட்டியில் நான்காவதுதான். வினேஷ் போகத்தின் 100 கிராம் பற்றி நான் எழுதப் போவதில்லை, இன்னும் மனம் ஆறவில்லை. இவற்றில் பாதி இந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் அதே மைத்துனர் "பாரதம் எழுந்தது" என்று அனுப்பியிருப்பார். ஒரு கிலோ வித்தியாசத்தில் தேசத்தின் மானம் ஏறி இறங்குமா என்ன?

அப்படியென்றால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. கீழே போட வேண்டிய எண் 140 கோடி அல்ல என்கிறேன். ஒரு மைதானம், ஒரு பயிற்சியாளர், வாரத்தில் நாலு நாள் விளையாட நேரம், இந்த மூன்றும் கிடைத்த பிள்ளைகள் எத்தனை பேரோ அதைப் போடுங்கள். அந்த எண் எவ்வளவு சிறியது என்பதில்தான் வெட்கப்பட ஏதாவது இருக்கிறது.

ஹரியானாவைப் பாருங்கள். ஜனத்தொகை நம் தமிழ்நாட்டில் பாதிகூட இல்லை. மனு பாக்கர், சரப்ஜோத் சிங், நீரஜ், மல்யுத்தத்தில் வெண்கலம் வாங்கிய அமன் ஷெராவத் எல்லோரும் அந்த ஊர்க்காரர்கள். ஹாக்கி அணியிலும் அவர்கள் உண்டு. ஆறில் ஹரியானாவின் கை படாத பதக்கம் கோலாப்பூர்காரர் ஸ்வப்னில் குசாலே வாங்கியது ஒன்றுதான். அங்கே கிராமத்துக்குக் கிராமம் மல்யுத்தக் களம் இருக்கிறது, பையன் காலையில் அங்கே போனால் வீட்டில் ஏன் என்று கேட்பதில்லை. அந்த ஆறில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர்கூட இல்லை. 1980இல் மாஸ்கோவில் தங்கம் வாங்கிய ஹாக்கி அணிக்குத் தலைவராக இருந்த வாசுதேவன் பாஸ்கரன் நம் ஆரணிக்காரர் என்பதை எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்? நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவிலும் பாரிஸிலும் துப்பாக்கி சுடுதலில் கலந்துகொண்டார். ஆனால் அவர் வளர்ந்ததும் சுடப் பழகியதும் அகமதாபாத்தில்.

இனி நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். ஒலிம்பிக் முடிந்து இரண்டு வாரத்தில் அதே பாரிஸில் பாராலிம்பிக் தொடங்கியது. செப்டம்பர் 8ஆம் தேதி முடிந்தது. நமக்கு 29 பதக்கம்: 7 தங்கம், 9 வெள்ளி, 13 வெண்கலம். பட்டியலில் 18ஆம் இடம். இதை எனக்கு எத்தனை பேர் அனுப்பினீர்கள்? இரண்டே இரண்டு பேர்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். பாராலிம்பிக்கில் குறைபாட்டின் வகைக்கு ஏற்பத் தனித்தனிப் பிரிவுகள் உண்டு, அதனால் போட்டிகளும் அதிகம். ஒலிம்பிக்கில் 329 தங்கம், இங்கே 549. ஆகவே ஆறையும் இருபத்தொன்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது. பாராலிம்பிக்கைப் பாராலிம்பிக்கோடுதான் ஒப்பிட வேண்டும். 2012 லண்டனில் ஒன்று. 2016 ரியோவில் நான்கு. டோக்கியோவில் 19. இப்போது 29. பன்னிரண்டு வருடத்தில் நம் ஜனத்தொகை இருபத்தொன்பது மடங்கு ஆகிவிடவில்லை. முன்பு வீட்டுத் திண்ணையில் உட்கார வைக்கப்பட்டிருந்த பிள்ளைகளில் சிலரைக் கூப்பிட்டு, பயிற்சி கொடுத்து, விமானம் ஏற்றினார்கள். பாரிஸுக்குப் போனவர்கள் 84 பேர்தான்.

அந்த 29இல் நான்கு நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுடையது. பாட்மிண்டனில் காஞ்சிபுரம் துளசிமதி முருகேசன் வெள்ளி, திருவள்ளூர் மனிஷா ராமதாஸ் வெண்கலம், ஓசூர் நித்யஸ்ரீ சிவன் வெண்கலம். உயரம் தாண்டுதலில் சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் வெண்கலம். துளசிமதியும் மனிஷாவும் அரையிறுதியில் ஒருவரோடு ஒருவர் மோதினார்கள். முதல் கேம் 23-21 வரை இழுத்தது. பாராலிம்பிக் அரையிறுதியில் இரண்டு தமிழ்ப் பெண்கள்! தூர்தர்ஷன் காலமாக இருந்தால் நம் பிளாக்கில் ஒரு வீட்டில் எல்லோரும் கூடிப் பார்த்திருப்போம்.

மாரியப்பனின் கதை உங்களில் பலருக்குத் தெரியும். ஐந்து வயதில் பள்ளிக்கூடம் போகிற வழியில் வலது காலில் பேருந்து ஏறியது. அம்மா செங்கல் சுமந்தார், காய்கறி விற்றார். பள்ளியில் அவனை ஒருவர் உயரம் தாண்டிப் பார் என்றார். பதினான்கு வயதில் முதல் போட்டி, மற்றவர்கள் எல்லாம் இரண்டு காலும் நன்றாக உள்ள பையன்கள், இவன் இரண்டாவது. பிறகுதான் பயிற்சியாளர் சத்யநாராயணா கண்ணில் பட்டு பெங்களூருக்குப் போனது, ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, இப்போது வெண்கலம் எல்லாம். தொடர்ந்து மூன்று பாராலிம்பிக்கிலும் பதக்கம் வாங்கிய முதல் இந்தியர் அவர்தான்.

பள்ளியில் தாண்டிப் பார் என்றாரே, அவர் யார்? அந்தப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். பி.டி. பீரியடில் அந்த நேரத்துக்கு வேறு பாடம் நடந்திருந்தால் மாரியப்பன் யாரென்று நமக்குத் தெரிந்திருக்காது. துளசிமதிக்கு அவருடைய அப்பாவே முதல் பயிற்சியாளர். அதாவது, ஊரில் ஒரு பெரியவர் நேரம் ஒதுக்கியிருக்கிறார்.

முதலமைச்சர் வெள்ளிக்கு இரண்டு கோடி, வெண்கலத்துக்கு ஒரு கோடி என்று நால்வருக்கும் ஐந்து கோடி ரூபாய் கொடுத்திருக்கிறார். நல்ல காரியம், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அது தாண்டி முடித்த பிறகு வருகிற பணம். தாண்டுவதற்கு முன்னால் கீழே விரிக்க ஒரு மெத்தை வேண்டுமே, அது எத்தனை அரசுப் பள்ளிகளில் இருக்கிறது?

நமக்குத் திறமை இல்லை என்று சொல்பவர்களுக்கு 2024 செப்டம்பரில் பதில் வந்தது. புடாபெஸ்ட் செஸ் ஒலிம்பியாடில் ஆண், பெண் இரண்டு அணிகளும் தங்கம். குகேஷ், பிரக்ஞானந்தா, வைஷாலி மூன்று பேரும் சென்னைப் பிள்ளைகள். அதற்கு இரண்டு வருடம் முன்பு மாமல்லபுரத்தில் வெண்கலத்தோடு நின்றவர்கள் நாம். 1988இல் ஆனந்த் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனதிலிருந்து வளர்ந்து வந்த பயிர் இது. சந்தோஷத்தில் ஒரு சின்ன உறுத்தலும் எனக்கு உண்டு. செஸ்ஸுக்கு மைதானம் வேண்டாம். ஹாலில் ஒரு மேசை போதும். வேர்க்காது, வெயில் படாது, கால் முறியாது. "மூளைக்கு நல்லது" என்று பெற்றோரும் அதைப் படிப்பின் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள். நாம் அனுமதித்த விளையாட்டில் நம் பிள்ளைகள் உலகத்தை ஜெயிக்கிறார்கள். மற்ற விளையாட்டுகளை அனுமதிக்கவே இல்லையே!

இதை நான் நெய்வேலியில் உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. மைதானத்துக்குக் குறைவில்லாத ஊரில் வளர்ந்தவர்கள் நீங்கள். பாரதி விளையாட்டரங்கம், பிளாக்குக்குப் பிளாக் காலி இடம், அகலமான ரோடு, வண்டி குறைவு, தலைக்கு மேல் மரம். நம் பக்கத்தில் இவ்வளவு வசதியாக விளையாடிய பிள்ளைகள் வேறு எங்கே? (சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு இதில் எவ்வளவு கிடைத்தது என்பது தனியாகப் பேச வேண்டியது. பேசத்தான் வேண்டும்.) அப்படியிருந்தும் என்ன நடந்தது? எட்டாம் வகுப்பு வரை மைதானத்தில் கூட்டம். ஒன்பதில் பாதி. பத்தில் யாரும் இல்லை. பி.டி. பீரியட் கால அட்டவணையில் மட்டும் இருக்கும். அதைக் கடன் வாங்குவது கணக்கு வாத்தியார்கள்தான் என்று ஊரெல்லாம் ஒரு பழி. அறிவியல்காரர்களும் வாங்கினார்கள் என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

என் வகுப்பில் ஒரு பெண் 400 மீட்டர் ஓடுவாள். அவள் ஓடுவதைப் பார்க்க எங்கள் பி.டி. சார் மற்ற வாத்தியார்களைக் கூப்பிட்டு நிறுத்துவார். ஒன்பதாம் வகுப்பு அரைப் பரீட்சைக்குப் பிறகு நிறுத்திவிட்டார்கள். "அடுத்த வருஷம் டென்த் சார், பொம்பளப் பிள்ளை வேற" என்றார் அவள் அப்பா. இப்போது நல்ல வேலையில் சந்தோஷமாக இருக்கிறாள், குறையொன்றும் இல்லை. அவள் பதக்கம் வாங்கியிருப்பாள் என்று நான் சொல்ல வரவில்லை, அது எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளும் வாய்ப்பே இல்லாமல் போய்விட்டது. 2023இல் ஆசிய விளையாட்டில் கோவை வித்யா ராம்ராஜ் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 55.42 விநாடியில் ஓடி, 1984இல் பி.டி. உஷா வைத்த தேசியச் சாதனையைச் சமன் செய்தார். நல்ல ஓட்டம், மகிழ்ச்சி. ஆனால் ஒரு சாதனையைத் தொடவே 39 வருடம்! நடுவில் எத்தனை ஒன்பதாம் வகுப்புப் பெண்களை ட்ராக்கிலிருந்து வீட்டுக்குக் கூட்டிப் போயிருப்போம்?

2036 ஒலிம்பிக்கை இந்தியாவில் நடத்தப் பேச்சு நடக்கிறது. அப்போது 24 வயதில் ஓடப் போகிற பிள்ளைக்கு 2024இல் வயது 12. ஏழாம் வகுப்பு. அதாவது உங்கள் வீட்டில் இருக்கிறது. அடுத்த இரண்டு வருடத்தில் நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள் என்பதில்தான் அதன் கதை இருக்கிறது.

உங்களிடம் ஒரு வீட்டுப்பாடம் கேட்கிறேன், வயதான வாத்தியாருக்காகச் செய்யுங்கள். சென்னையோ பெங்களூரோ டல்லாஸோ, எங்கிருந்தாலும் சரி. பள்ளிக்கூடத்துப் பிள்ளை இருக்கிறவர்கள் இன்று இரவு பிள்ளையிடமே கேளுங்கள், பள்ளியில் கேட்காதீர்கள். வாரத்தில் பி.டி. பீரியட் எத்தனை? போன வாரம் அதில் எத்தனை நடந்தது? வகுப்பையும் ஊரையும் போட்டு இந்த இரண்டு எண்களையும் கீழே எழுதுங்கள். பள்ளியின் பெயர் வேண்டாம். மைத்துனரே, உங்கள் பேரனுக்கும் சேர்த்துத்தான். வகுத்துப் பார்க்கிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.