பாவலா

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மைதானத்தின் பக்கம் உலாவப் போயிருந்தோம். பையன்கள் சடுகுடு ஆடிக் கொண்டிருந்தார்கள். பாடிச் சென்ற சிறுவன் ஒருவன் இடப்புறம் பாய்வது போல் தோளைச் சாய்த்தான். எதிர்க் கட்சியார் அந்தப் பக்கம் நகர்ந்ததும், வலப்புறம் நின்றவனைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பிவிட்டான். நாமும் கை தட்டினோம்.

பிறகு எதிர்க் கட்சிப் பையன் பாடி வந்தபோது, அவன் விரல் இந்தச் சிறுவனின் முழங்கையில் பட்டது. நமக்கு நன்றாகத் தெரிந்தது, மத்தியஸ்தருக்குத் தெரியவில்லை. "படவே இல்லீங்க" என்று சிறுவன் சாதித்துவிட்டான்.

ஆட்டம் முடிந்ததும் அவனுடைய அப்பிச்சி, "ஏன் கண்ணு பொய் சொன்னே?" என்று கேட்டார்.

"முன்னாடி நான் ஏமாத்துனப்ப நீங்க கை தட்டுனீங்களே, அப்பிச்சி?" என்றான் பையன்.

பெரியவர் திகைத்து நம்மைப் பார்த்தார். கை தட்டியதில் நமக்கும் பங்கு உண்டல்லவா? அப்போது சுருக்கமாகச் சொன்ன பதிலை இங்கே சற்று விரித்து எழுதுகிறோம்.

தலைக்கு ஓங்குவது போல் காட்டிக் காலில் அடிப்பதைச் சிலம்பத்தில் பாவலா என்பார்கள். கண் கண்டதற்கு உடல் அசைய, ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகிறது. ஒரு பக்கம் கிளம்பிவிட்ட உடலை மறு பக்கம் திருப்ப, இன்னும் சற்று அவகாசம் வேண்டும். அந்த அவகாசமே பாவலாக்காரனுக்கு வாய்ப்பு. ஆனால் எதிராளி இதை அறிந்துதான் களத்தில் இறங்குகிறான். கையை நம்பாமல் காலைக் கவனிக்கப் பழகுகிறான். அடுத்த முறை அவனே பாவலா காட்டுவான். அது இருவருக்கும் பொதுவான ஆயுதம்.

மத்தியஸ்தர் நிலை வேறு. அவர் ஆட்டக்காரர் அல்லர். இருவரும் நம்பி நிறுத்திய தராசு. கால்பந்துச் சட்டமும் இந்த வித்தியாசத்தை அறியும். உடலை நெளித்து எதிரியைத் திணற அடித்தால் கரகோஷம். அடிபடாமலே அடிபட்டதாக விழுந்து மத்தியஸ்தரை ஏமாற்றினால் மஞ்சள் அட்டை.

1990-இல் பெய்ஜிங்கில் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இடம் பெற்ற ஆட்டம் நம் சடுகுடு. இன்று பெரிய பந்தயங்களில் சந்தேகம் வந்தால் படத்தைத் திருப்பிப் போட்டுப் பார்க்கிறார்கள். பேட்டை மைதானத்தில் பையனின் மனச்சாட்சியைத் தவிர வேறு படக்கருவி ஏது?

பையன் பதில் சொல்லவில்லை. முழங்கையைத் தடவிக் கொண்டே அப்பிச்சியின் பின்னால் நடந்தான்.