மானிட்டரில் நம்பர் ஏறினால் போதுமா?

ஐ.சி.யூ. வாசலில் காத்திருப்பவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? எல்லோரும் எண்களாகத்தான் பேசிக்கொள்வார்கள். "பிரஷர் நூத்திப்பத்து வந்துடுச்சாம்", "சுகர் இறங்கிடுச்சாம்", "ஆக்சிஜன் தொண்ணூத்தஞ்சு காட்டுதாம்". உள்ளே இருப்பவரைச் சில நிமிடங்கள்தான் பார்க்க விடுகிறார்கள். மீதி நேரமெல்லாம் அந்த எண்தான் நமக்கு ஆள். எண் நன்றாக இருந்தால் ஆளும் நன்றாக இருக்கிறார் என்று நம்பிக்கொள்கிறோம்.

தீவிர சிகிச்சைத் துறையில் கடந்த கால் நூற்றாண்டில் வந்த சில பெரிய ஆய்வுகளைப் படித்தால் இந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுவிடும். நான் படிப்பது பி.காம். மருத்துவம் எனக்குத் தெரியாது. ஆனால் இது எண்களை நம்புவதைப் பற்றிய விஷயம் என்பதால் கொஞ்சம் உரிமை எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஆப்பிரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு. பெயர் ஃபீஸ்ட். 2011-ல் முடிவு வெளிவந்தது. உகாண்டா, கென்யா, தான்சானியா நாடுகளில் கடும் காய்ச்சலோடு, இரத்த ஓட்டம் குன்றி வந்த 3,141 குழந்தைகள் இதில் இருந்தார்கள். பாதிப் பேருக்கு மேல் மலேரியா. இப்படி வரும் குழந்தைக்கு நரம்பு வழியாக வேகமாக சலைன் ஏற்ற வேண்டும் என்பதுதான் உலகமெங்கும் பாடம். ஆனால் அதை யாரும் முறையாகச் சோதித்துப் பார்த்ததில்லை. எனவே குழந்தைகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வேகமாக சலைன். இன்னொன்றுக்கு வேகமாக அல்புமின். மூன்றாவது பிரிவுக்கு வேகமாக எதுவும் ஏற்றவில்லை. வழக்கமான மெதுவான டிரிப்ஸும் மருந்துகளும் மட்டும்.

ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது, வேகமாக ஏற்றிய குழந்தைகளில்தான் அதிகம் பேருக்கு இரத்த ஓட்டம் சீராகியிருந்தது. அந்த நேரத்தில் வார்டில் நின்ற எந்த டாக்டரும் நர்சும் "வேலை செய்கிறது" என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் 48 மணி நேரக் கணக்கு வேறு மாதிரி வந்தது. வேகமாக ஏற்றிய இரண்டு பிரிவுகளிலும் 100-க்குச் சுமார் 10.5 குழந்தைகள் இறந்தார்கள். ஏற்றாத பிரிவில் 7.3. ஆய்வைக் கண்காணித்த குழு நடுவிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டது. பிறகு அலசிப் பார்த்தபோது, கூடுதல் மரணங்களுக்குப் பெரும்பாலும் இரத்த ஓட்டம் நிலைகுலைந்ததே காரணம் என்று தெரிந்தது. அதாவது முதல் மணி நேரத்தில் எது சரியானது போலத் தெரிந்ததோ, அதுவே பின்னால் கைவிட்டது.

இது ஆப்பிரிக்காவில் மட்டும் நடந்த விசித்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். 2000-ல் அமெரிக்காவில், நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டு வென்டிலேட்டரில் இருந்த 861 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவுக்கு அன்றைய வழக்கப்படி ஒவ்வொரு மூச்சிலும் நிறையக் காற்று. இன்னொரு பிரிவுக்கு அதில் பாதி. நிறையக் காற்று வாங்கியவர்களின் ஆக்சிஜன் அளவு முதல் சில நாட்களில் நன்றாகவே இருந்தது. ஆனால் அவர்களில் 39.8 சதவீதம் பேர் இறந்தார்கள். குறைவாக வாங்கியவர்களில் 31 சதவீதம். நுரையீரலை அளவுக்கு மீறி விரித்ததே அதைக் காயப்படுத்தியிருக்கிறது. ஆக்சிஜன் எண் அதைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அடுத்தது சர்க்கரை. 2001-ல் பெல்ஜியத்தில் ஒரே ஒரு மருத்துவமனையில் நடந்த ஆய்வு, ஐ.சி.யூ. நோயாளிகளின் சர்க்கரையை இன்சுலின் கொடுத்து 80-லிருந்து 110-க்குள் இறுக்கிப் பிடித்தால் மரணம் குறையும் என்றது. எண் நார்மல் ஆகிறது, மரணமும் குறைகிறது. யாருக்குத்தான் பிடிக்காது? பல நாடுகளில் இதைப் பின்பற்ற ஆரம்பித்தார்கள். 2009-ல் நைஸ்-சுகர் என்ற ஆய்வு வந்தது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள், 42 மருத்துவமனைகள். சர்க்கரையை இறுக்கிப் பிடித்த பிரிவில் 90 நாட்களில் 27.5 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். 180 வரை போனால் போகட்டும் என்று விட்ட பிரிவில் 24.9. சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துபோவதும் முதல் பிரிவில்தான் பல மடங்கு அதிகம்.

மூன்று ஆய்வு, மூன்று வேறு வேறு எண். கதை ஒன்றுதான். எண் அழகாக இருந்தது, ஆட்கள் கூடுதலாக இறந்தார்கள்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது புதிதில்லை. ஒரு கம்பெனிக்கு நடப்புச் சொத்து 4 லட்சம், நடப்புக் கடன் 2 லட்சம் என்று வையுங்கள். விகிதம் 2:1. மார்ச் 31-க்கு முந்தின நாள் கையிலிருந்து 1 லட்சம் எடுத்துக் கடனை அடைத்தால், சொத்து 3 லட்சம், கடன் 1 லட்சம். விகிதம் 3:1 ஆகிவிடும்! கம்பெனி ஒரு பைசா கூட முன்னேறவில்லை, கையிருப்புதான் குறைந்தது. இதற்கு விண்டோ டிரெஸ்ஸிங் என்று பெயர். கணக்கில் இதை மனிதர்கள் தெரிந்தே செய்கிறார்கள். ஐ.சி.யூ.வில் நல்ல எண்ணத்தோடு, தெரியாமலேயே நடந்திருக்கிறது. கம்பெனியின் உடல்நிலையைக் காட்டுவதற்காக வந்த விகிதத்தையே குறியாக வைத்து வேலை செய்தால் அது எதையும் காட்டாது. உடம்பும் அப்படித்தான் போலிருக்கிறது.

"அப்படியானால் பிரஷரும் வேண்டாம், சுகரும் வேண்டாம் என்கிறாயா?" என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. பிரஷர் பாதாளத்துக்குப் போனால் ஆள் இறந்துபோவார், அதில் சந்தேகமே இல்லை. வயிற்றுப்போக்கில் வறண்டுபோன குழந்தைகளை ஃபீஸ்ட் ஆய்வில் சேர்க்கவே இல்லை. அவர்களுக்கு நீர்தான் உயிர். அந்த ஆய்வு நடந்த மருத்துவமனைகளில் வென்டிலேட்டர் வசதி இல்லை, எனவே எல்லா இடத்துக்கும் இதைப் பொருத்தக்கூடாது என்று வாதிடும் மருத்துவர்களும் உண்டு. நியாயமான வாதம். நான் சொல்வது ஒன்றுதான். ஓர் எண் மாறுவது, ஆள் பிழைப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆள் பிழைக்கிறாரா என்பதை ஆட்களை எண்ணித்தான் கண்டுபிடிக்க முடியும்.

இங்கேதான் எனக்கு ஒரு வருத்தம். மருத்துவ ஆய்வு என்றாலே நம் ஊரில் "சோதனை எலி" என்ற வார்த்தை வந்துவிடுகிறது. ஏழைகளை ஏமாற்றி நடத்திய ஆய்வுகளும் உலகில் உண்டு என்பதால் அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஃபீஸ்ட் நடப்பதற்கு முன்னும் குழந்தைகளுக்கு வேகமாக சலைன் ஏற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். அதுவும் சோதனைதான். கணக்கு எழுதாத சோதனை. எழுதியதால்தான் 100-க்கு 3 குழந்தைகள் கூடுதலாக இறப்பது வெளியே தெரிந்தது. கணக்கில்லாத கடையில் நஷ்டமே தெரியாது.

கணக்கு எழுதினால் லாபமும் தெரியும். 2020-ல் கொரோனா வந்தபோது பிரிட்டன் ஆயிரக்கணக்கான நோயாளிகளை வைத்து ரெக்கவரி ஆய்வை நடத்தியது. சில மாதங்களிலேயே பதில் கிடைத்தது. டெக்ஸாமெத்தசோன் என்ற பழைய, மலிவான ஸ்டீராய்டு, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணத்தை 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆகக் குறைத்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கு அதே மருந்தால் பலன் இல்லை என்பதும் அதே ஆய்வில் இருந்தது. நாம் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டோம். 2021-ல் இந்தியாவில் கருப்புப் பூஞ்சை நோய் 40,000 பேருக்கு மேல் தாக்கியபோது, சர்க்கரை நோயும் அளவு மீறிய ஸ்டீராய்டும் முக்கியக் காரணங்களாகச் சொல்லப்பட்டன.

குறைவான காற்று, குறைவான சலைன், குறைவான இன்சுலின், மலிவான மாத்திரை. இதையெல்லாம் நிரூபிப்பதால் எந்தக் கம்பெனிக்கும் பெரிய லாபம் கிடையாது. அதனால் இப்படிப்பட்ட ஆய்வுகளுக்கு அரசுப் பணம்தான் வர வேண்டும். நகையை அடகு வைத்து ஐ.சி.யூ. பில் கட்டும் குடும்பங்கள் நிறைந்த நாட்டுக்கு இது தர்மம் இல்லை, சிக்கனம்.

நம் பங்குக்கு ஒன்று செய்யலாம். டாக்டரிடம் "நம்பர் நார்மலா?" என்பதோடு நிறுத்தாமல், "இதைச் செய்தால் அவர் பிழைக்க வாய்ப்பு கூடுமா?" என்றும் கேட்போம். பணத்தைக் கொட்டி "எல்லாத்தையும் செய்யுங்க டாக்டர்" என்று சொல்வதைவிட அது நல்ல கேள்வி. சில நேரம் "தெரியாது, ஆய்வு நடக்கிறது" என்று பதில் வரலாம். அப்படி ஒளிவுமறைவில்லாமல் சொல்லி, சம்மதம் கேட்டு, கணக்கும் எழுதுகிற டாக்டரைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.