நாற்றம் எது?

'நாற்றம்' என்னுஞ் சொல் பண்டைத் தமிழில் மணம் என்னும் பொதுப்பொருள் தந்து நின்றது. பூவின் நறுமணத்தையும் புலவர் அச்சொல்லாலேயே வழங்கினர். இன்றோ அது வெறுக்கத்தக்க வாடையையே குறிக்கின்றது. சொல்லின் பொருள் திரிந்ததுபோல் நம் மூக்கின் தீர்ப்பும் திரிந்துவிட்டதோ என ஐயுற இடமுண்டு.

சென்னை நொச்சிக்குப்பம், கலங்கரை விளக்கினின்று பட்டினப்பாக்கம் நோக்கிச் செல்லும் லூப் சாலையை ஒட்டிய மீனவர் ஊர். அச்சாலையோரத்து மீன்கடைகள் போக்குவரத்துக்கு இடையூறென 2023 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் தானே வழக்காக எடுத்துக்கொண்டது, கடைகள் அகற்றப்பட்டன, மீனவர் மறியல் செய்தனர். 2024 ஆகஸ்டில் அவர்க்கெனப் புதிய அங்காடி திறக்கப்பட்டது. அவ்வழக்கை ஆராய்தல் ஈண்டு நம் நோக்கமன்று. அவ்வழிச் செல்லும் கார்களில் உள்ளோர் பலர், மீன்வாடை எழுந்தவுடன் கண்ணாடியை ஏற்றி அடைத்துக்கொள்கின்றனர். அடைத்த அவ்வறைக்குள் அவர் உட்கொள்ளும் காற்று எத்தன்மைத்து என்பதே நம் வினா.

தேரூர்வோர்க்கும் மீன்வாடைக்கும் உள்ள பிணக்குப் பழையதே. நற்றிணையின் 45-ஆம் பாட்டில், தேர்ச்செல்வன் மகனைப் பரதவர் குடித் தோழி தம் புலால் வாடையைச் சொல்லியே விலக்குகின்றாள். ஆனால் அத்தேர் திறந்த தேர். கடற்காற்று அதனூடே வீசியது. இக்காலத்துத் தேரோ மூடிய பெட்டி.

புதிய காரில் ஏறியவுடன் எழும் வாடையைப் பலர் செல்வத்தின் நறுமணமென்றே மகிழ்ந்து நுகர்கின்றனர். அஃது இருக்கைப் பஞ்சு, பசை, பிளாஸ்டிக், தோல், கம்பளம் முதலியவற்றினின்று கசியும் ஆவியேயன்றி வேறன்று. பார்மால்டிகைடு, அசிட்டால்டிகைடு, டொலுயீன், ஸ்டைரீன், பென்சீன் முதலியன அவ்வாவியில் உள. வெயில் ஏற ஏறக் கசிவு மிகும்; சித்திரை வெயிலில் மெரினாவில் நிறுத்திய வண்டியின் நிலையைச் சொல்லவேண்டுவதில்லை. பென்சீனும் பார்மால்டிகைடும் மாந்தர்க்குப் புற்றுநோய் விளைப்பன என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் வகுத்துள்ளது.

இனி ஒரு விந்தை காண்க. 2018-இல் கேரளத்தில் பார்மலின் பூசிய மீன் ஆயிரக்கணக்கான கிலோ பிடிபட்டது. சென்னையிலும் அச்சம் பரவி மீன் வாங்குவோர் தயங்கினர். பார்மலின் என்பது யாது? நீரிற் கரைத்த பார்மால்டிகைடே. மீனிற் கண்டவிடத்து நஞ்சென்று அஞ்சிய பொருளைக் காரிற் கண்டவிடத்துப் புதுமணம் என்கின்றோம். அன்றன்று படகில் வந்திறங்கி அன்றே விலைபோகும் மீனுக்கோ அம்மருந்து வேண்டுவதேயில்லை. மூக்கைச் சுளிக்கச் செய்வதெல்லாம் தீங்குமன்று; மூக்குக்கு இனியதெல்லாம் நன்மையுமன்று.

'இவ்வாடை சில திங்களிற் குறைந்துவிடுமே' எனின், அஃது உண்மையே. காரைத் திறந்தவுடன் பென்சீன் கொல்லுமென்று கைப்பேசிகளிற் சுற்றிவரும் செய்தியும் மிகைப்படக் கூறுவதே. ஆயினும், நாளுக்கு அரைமணி நேரம் ஊர்ந்து செல்லும் உடையவரை மட்டும் எண்ணுதல் முறையன்று. அவர்க்காக வெயிலிற் காத்துக் கிடக்கும் ஓட்டுநர், பகலெல்லாம் வாடகை வண்டி ஓட்டுவோர், அவ்வண்டியிற் செல்லுங் குழந்தைகள் ஆகியோரையும் எண்ணவேண்டும். அளவறியாத இடத்தில் வதந்தி வளரும். அளந்து சொல்லின் அஃது அடங்கும்.

அளத்தல் அரிதன்று. சீனம் 2011-இலேயே காரின் உட்காற்றில் எட்டுப் பொருள்கட்கு வரம்பு குறித்தது. ஐக்கிய நாடுகளின் வாகன நெறி மன்றம் 2017-இல் பொதுச் சோதனை முறையொன்றை வகுத்தது. நம் நாட்டில் 2020 முதல் நடைமுறையிலுள்ள பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் புகைக்குழாயினின்று வெளிப்படுவதை அளக்கின்றன. வெளியே செல்வதை அளப்போர் உள்ளே தங்குவதையும் அளத்தல் வேண்டும். இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் கார் செய்து உலகிற்கு அனுப்பும் தமிழகம் இதனை முன்னின்று கேட்பது பொருந்தும். மைலேஜ் எவ்வளவு என்று எழுதித் தரும் விற்பனையாளர், உட்காற்றின் அளவையும் எழுதித் தருக.

அதுகாறும், புதிய வண்டியை நிழலில் நிறுத்துக. ஏறுமுன் கதவுகளைச் சிறிது நேரம் திறந்து வைக்க. வாசனைத் தைலத்தால் அவ்வாடையை மறைக்க முயலற்க. கடலோரச் சாலையிற் செல்லுங்கால் கண்ணாடியை இறக்கிவிடுக. நம் ஆண்டவர் தம் முதல் மாணாக்கரைத் தேர்ந்தெடுத்தது மீன்வாடை வீசிய கரையிலேதான்.