தெளிந்த தண்ணீரை நம்பாதீர்கள்

சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய பச்சை ஆமைக் குஞ்சைக் கண்டால் எந்தக் குழந்தையும் அடம்பிடிக்கும். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு போட்ட அமெரிக்க இனம் அது. மிசிசிப்பி ஆற்றுப் பக்கம்தான் அதன் பிறந்த ஊர். சின்னக் கண்ணாடித் தொட்டியும் ஒரு டப்பா தீனியும் சேர்த்து வாங்கி வந்துவிடுகிறோம். அந்தக் குஞ்சு சில வருடங்களில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும். 20, 30 வருடம் நம்மோடு இருக்கும். தொல்லை எல்லாம் தண்ணீரில்தான் தொடங்குகிறது.

இந்த ஆமைக்குத் தண்ணீருக்குள் இருந்தால்தான் இரை தொண்டையில் இறங்கும். தின்ற இடத்திலேயே கழியவும் செய்யும். கழிவும் மிச்சத் தீனியும் அழுகினால் அமோனியா. அதற்கு நிறம் கிடையாது. பளிங்கு மாதிரி இருக்கும் தண்ணீரிலேயே ஆமை கண்ணை மூடிக்கொண்டு சோர்ந்து கிடப்பதும், ஓட்டில் புண் வைப்பதும் பல சமயம் இதனால்தான். வெயில் ஏற ஏற அமோனியாவின் நஞ்சும் ஏறும். நம் ஊர்ச் சித்திரையில் கேட்கவே வேண்டாம். மீன் கடைகளில் அமோனியா பார்க்கும் சொட்டு மருந்து விற்கிறார்கள், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பலரும் ஞாயிற்றுக்கிழமை தோறும் தொட்டியை மொத்தமாகக் காலி செய்து, ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் வெள்ளை வெளேரென்று ஆகும்வரை கசக்குகிறார்கள். அக்கறையோடு செய்வதுதான், ஆனால் இதைவிடப் பெரிய கெடுதல் இல்லை. பஞ்சில் வழவழவென்று படிந்திருக்கும் பழுப்புப் படலம் அழுக்கு மட்டுமல்ல; அமோனியாவைத் தின்று முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்களின் குடியிருப்பு. அது உருவாக நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் அதை அழித்துவிடக்கூடும். பஞ்சைச் சுத்தம் செய்ய, முதலில் ஃபில்டர் மோட்டாரை நிறுத்துங்கள். தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் மொண்டு, அதில் பஞ்சை இரண்டு மூன்று முறை பிழிந்து எடுத்து, அப்படியே திரும்ப மாட்டுங்கள். போதும். வாரத்துக்குக் கால் பங்கு தண்ணீரை மாற்றினால் சரி. புதுத் தண்ணீரை முந்தின நாளே வாளியில் திறந்து வைத்துவிடுங்கள். எடுத்த தண்ணீர் செம்பருத்திக்கும் குரோட்டனுக்கும் நல்ல உரம். கீரைப் பாத்திக்கு வேண்டாம்.

கீரைக்கு வேண்டாம் என்றதற்குக் காரணம் சால்மோனெல்லா கிருமி. அது ஆமையின் உடம்பில் நோய் காட்டாமலே இருக்கும். குழந்தைகளுக்கு அது பரவியதால்தான் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்க அமெரிக்கா 1975-இல் தடை போட்டது. எனவே தொட்டிச் சாமான் எதையும் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். தொட்டியில் கை வைத்தவர் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் தொடக் கூடாது.

தொட்டி சீக்கிரம் அழுக்காகாமல் இருக்கவும் ஒரு வழி உண்டு. ஆமையைத் தனி டப்பில் தண்ணீர் விட்டு அரை மணி நேரம் தின்னவிட்டுப் பிறகு தொட்டியில் விட்டால், பாதி அசுத்தம் அந்த டப்போடு போய்விடும். இதற்கு இணையான மருந்து எந்தக் கடையிலும் இல்லை.

அதற்குமேல் இடம்தான் கணக்கு. ஓட்டின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 40 லிட்டர் என்பது வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. பத்து அங்குல ஆமைக்கு 400 லிட்டர். கடையில் தரும் 2 அடித் தொட்டி 60 லிட்டர்கூடப் பிடிக்காது. அவ்வளவு பெரிய தொட்டிக்கு வீட்டில் வழியில்லை என்றால் குஞ்சை வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கி, வளர்க்க முடியாமல் போனாலும் கோயில் குளத்திலோ ஏரியிலோ கொண்டுபோய் விடாதீர்கள். நம் ஊர் ஆமைகளின் இரையையும் இடத்தையும் அது பிடுங்கிக்கொள்ளும். இடமும் பொறுமையும் உள்ள இன்னொருவரைத் தேடிப் பிடித்து ஒப்படையுங்கள்.