அறிமுகமும் அனுமதியும்

ஒருவருக்கு அறிமுகக் கடிதம் கொடுப்பது சிறு காரியம் அன்று. "இவரை நம்பலாம்" என்று எழுதும்போது நாம் நமது நற்பெயரையே ஈடு வைக்கின்றோம். அக்கடிதத்தை எழுதித்தர இன்று இயந்திரமே முன்வந்துள்ளது. மாணவரும் பெற்றோரும் இது குறித்துச் சிறிது சிந்தித்தல் நன்று.

கணினி நிரல் எழுதுவோர் இந்நாளில் 'கேர்சர்' போன்ற செயற்கை நுண்ணறிவு எடிற்றர்களைக் கையாளுகின்றனர். வெளித்தொடர்பு கொடாவிடின், இத்தகைய எடிற்றர் நமது அஞ்சலையோ முகவரிப் பட்டியலையோ அறியாது. அன்த்ரொபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட 'மொடல் கொன்ரெக்ஸ்ற் புரோட்டோகோல்' என்னும் பொது இணைப்பு முறை அத்தொடர்புக்கு வழி செய்தது. கோப்பொன்றிலே சில வரிகளை எழுதி இணைத்துவிட்டால், தக்க மனிதரைத் தேடுதல், அறிமுகக் கடிதம் வரைதல், அனுப்புதல் ஆகிய பணிகளுக்குரிய கருவிகளை எடிற்றரே இயக்க வல்லதாகின்றது.

இதனாற் பயன் இல்லாமல் இல்லை. அமெரிக்க சமூகவியலறிஞர் மார்க் கிரனோவெற்றர் 1973 இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று, வேலை பற்றிய செய்தி நெருங்கிய நண்பரிலும் பார்க்கச் சிறிதே பழகியவர் வாயிலாக வருதல் மிகுதி என்று காட்டிற்று. நெருங்கியவர் அறிந்ததை நாமும் பெரும்பாலும் அறிந்திருப்போம்; சற்றுத் தள்ளி நிற்பவரே புதுச் செய்தி கொணர்வார். ஆதலால், செல்வாக்குள்ள உறவினர் இல்லாத இளைஞருக்கு ஒரு நல்ல அறிமுகம் வாழ்வையே மாற்றக்கூடும்.

ஆயினும் ஓர் ஆபத்தும் உண்டு. இயந்திரம் படிக்கும் பக்கங்களில் அந்நியர் கட்டளைகளை மறைத்து வைத்தல் கூடும். அவற்றை நமது கட்டளையென்றே எண்ணி அது நிறைவேற்றவும் கூடும். அனுப்பிய கடிதத்தைத் திரும்பப் பெறுவதோ அரிது. இதனாலேயே, எந்தக் கருவியை எதற்காக இயக்கப்போகின்றது என்பதைக் காட்டி, நமது அனுமதியைக் கேட்கும் ஏற்பாடு எடிற்றரில் அமைந்துள்ளது. கேளாமலே இயங்குமாறு அதனை மாற்றிவிடவும் முடியும். அடிக்கடி கேட்பது தொல்லையென்று சிலர் அவ்வாறு செய்கின்றனர்.

தேடும் கருவிக்குச் சிறிது சுதந்திரம் அளித்தாலும், அனுப்பும் கருவிக்கு ஒருபோதும் அளித்தலாகாது என்பதே நமது கருத்து. படியாமல் அழுத்தும் 'சம்மதம்' சம்மதமாகாது. பெயர் சரியா, முகவரி சரியா, புகழ்ச்சி உண்மையா என்று வரிவரியாகப் பார்த்தல் வேண்டும். மேலும், அறிமுகத்தில் மூவர் சம்பந்தப்படுகின்றனர். நாம் இசைந்தாற் போதாது. மற்றவர் இருவரிடமும் முன்னரே கேட்டு, அவர்கள் விரும்பினாலன்றி ஒருவரது முகவரியை மற்றவருக்குக் கொடுத்தலாகாது.

இளைஞர்களே, பொத்தானை அழுத்துமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இவ்விருவரும் என் முன்னே அமர்ந்திருந்தால், இதே சொற்களை நான் வாய்விட்டுக் கூறுவேனா?" கூறமாட்டீராயின், அக்கடிதம் அனுப்பத் தக்கதன்று.