அதிகாரிக்கும் மேலே ஒரு நீதி

நீதிபதிகள் நாடு விட்டு நாடு சென்று மகாநாடு கூடுகிறார்கள். ஒரு நாட்டின் நீதிமன்றத்தை இன்னொரு நாட்டார் வந்து பார்வையிடுகிறார்கள். புதிதாக நியமனம் பெறும் நீதிபதிகளுக்கு எப்படிப் பயிற்சி கொடுப்பது என்று கலந்து பேசுகிறார்கள். இப்படிப்பட்ட செய்திகள் பத்திரிகைகளின் ஓரத்தில் நான்கு வரியில் வந்து மறைந்துவிடுகின்றன. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, வெயில் ஏறுமுன் நிரையை முடித்து, பாலைச் சுமந்து நடக்கும் தொழிலாளிக்கு இதில் என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். நிறைய இருக்கிறது என்பதே நமது பதில்.

தொழிலாளியின் வாழ்க்கையில் இரண்டு வகை வழக்குகள் உண்டு. ஒன்று, முதலாளியோடு வரும் வழக்கு. சம்பளம் குறைந்தது, வேலை நீக்கம் நடந்தது, லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள் என்பவை இந்த வகை. இவற்றிற்குச் சங்கம் இருக்கிறது, தொழில் நீதிமன்றம் இருக்கிறது. இரண்டாவது வகை, அரசாங்க அலுவலகத்தோடு வரும் வழக்கு. பிறப்புப் பத்திரம் கொடுக்க மறுக்கிறார்கள். குடியுரிமை மனு காரணம் சொல்லாமல் திரும்பி வருகிறது. விபத்தில் விரலிழந்தவனுக்கு உதவித் தொகை இல்லை என்று கடிதம் வருகிறது. நில அலுவலகத்தில் கொடுத்த மனு ஆண்டுக்கணக்கில் தூங்குகிறது. இந்த இரண்டாவது வகையில்தான் நம் மக்கள் வாயடைத்து நிற்கிறார்கள். துரையை எதிர்த்துப் பேசக் கற்றுக்கொண்டோம். முத்திரை குத்திய கடிதத்தை எதிர்த்துப் பேச இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

இந்த இரண்டாவது வகைக்கென்றே பல நாடுகளில் தனி நீதிமன்றங்கள் இருக்கின்றன. அவற்றை நிர்வாக நீதிமன்றங்கள் என்கிறார்கள். தோட்டத்தில் ‘நிர்வாகம்’ என்றால் துரையின் ஆபீசு என்று பொருள். இங்கே அந்தச் சொல் அரசாங்க இலாகாக்களைக் குறிக்கிறது. அதிகாரி இட்ட உத்தரவு சட்டப்படி சரிதானா, அதனால் குடிமகனுக்கு நேர்ந்த நஷ்டத்துக்கு ஈடு உண்டா என்று விசாரிப்பதே இந்த நீதிமன்றத்தின் வேலை.

இதற்கு வழிகாட்டிய நாடு பிரான்சு. 1799-ல் நெப்போலியன் காலத்தில் அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்ல ஓர் அரசுக் கழகம் ஏற்பட்டது. ஆலோசனை சொல்ல வந்த சபை, நாளடைவில் அரசாங்கத்தையே விசாரிக்கும் சபையாக வளர்ந்தது. 1872-ல் இயற்றிய சட்டம், அதற்குத் தன் பெயரிலேயே தீர்ப்பளிக்கும் அதிகாரத்தை வழங்கியது. மறு ஆண்டில் ஒரு வழக்கு வந்தது. போர்தோ நகரில் சர்க்கார் புகையிலைத் தொழிற்சாலையின் தள்ளுவண்டி ஒன்று ஒரு சிறுமியின் மேல் ஏறிவிட்டது. தகப்பனார் ஈடு கேட்டார். அரசாங்கம் நஷ்டஈடு கொடுக்கும் பொறுப்புக்குத் தனி விதிகள் உண்டு, அதை விசாரிக்க வேண்டியவை நிர்வாக நீதிமன்றங்களே என்று 1873 பிப்ரவரியில் தீர்ப்பாயிற்று. இன்றளவும் பிரெஞ்சு சட்ட மாணவர்கள் முதலில் படிப்பது அந்தச் சிறுமியின் வழக்கைத்தான்.

தொழிலாளர்களாகிய நாம் மறக்கக்கூடாத வழக்கு இன்னொன்று உண்டு. தார்ப் நகரத்து அரசாங்க ஆயுதச் சாலையில் காம் என்ற தொழிலாளி வேலை செய்தார். சம்மட்டி அடியில் தெறித்த இரும்புத் துண்டு பட்டு அவருடைய இடது கை பயனற்றுப் போயிற்று. அவர் மேலும் குற்றமில்லை, ஆயுதச் சாலை மேலும் குற்றமில்லை. அப்படியானால் யார் பொறுப்பு? வேலை யாருக்காக நடந்ததோ அந்த அரசாங்கமே பொறுப்பு என்று 1895 ஜூன் 21-ந் தேதி அரசுக் கழகம் தீர்ப்பளித்து, ஆயுள் முழுதும் ஆண்டுக்கு 600 பிராங்க் கொடுக்க உத்தரவிட்டது. தொழில் விபத்துக்கு ஈடு கொடுக்கும் பொதுச் சட்டம் பிரான்சில் வந்தது 1898-ல்தான். சட்டசபை செய்யத் தயங்கியதை நிர்வாக நீதிபதிகள் மூன்றாண்டு முன்னதாகவே செய்துவிட்டார்கள்.

அப்படியானால் நம் நாட்டில் ஏன் இத்தகைய நீதிமன்றம் இல்லை? நாம் இங்கிலீஷ்காரன் வழியில் வந்தவர்கள். 1885-ல் நூல் எழுதிய டைசி என்ற ஆங்கிலேயப் பேராசிரியர், அதிகாரிக்குத் தனி நீதிமன்றம் வைப்பது அவனுக்குச் சலுகை காட்டுவதாகும், அதிகாரியும் குடிமகனும் ஒரே நீதிமன்றத்தில்தான் நிற்க வேண்டும் என்று வாதித்தார். கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஒரே வாசல் என்று சொல்லிவிட்டு, அந்த வாசலை உயர் நீதிமன்றத்தில் வைத்தால் ஏழை எப்படி ஏறுவான்? நம் நாட்டில் அதிகாரியின் முடிவை எதிர்க்க விரும்புகிறவர், 2012-ம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 53-வது கட்டளைப்படி மூன்று மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போக வேண்டும். வழக்குத் தொடுக்கவே முதலில் அனுமதி பெற வேண்டும். வழக்கறிஞர் கட்டணத்தைக் கேட்டாலே பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள். குடியுரிமை விஷயத்திலோ, அரசாங்கத்தின் முடிவை எந்த நீதிமன்றமும் மறுஆய்வு செய்யக்கூடாது என்று அரசியலமைப்பின் இரண்டாவது அட்டவணையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். தோட்டத்தில் பிறந்து, தோட்டத்தில் வளர்ந்து, சிவப்பு அடையாள அட்டையோடு வயதாகிப்போனவர்களை அறிந்தவர்களுக்கு அந்த ஒரு வரியின் கனம் தெரியும்.

பிரான்சு தூர தேசம், நமக்கு ஒத்துவராது என்று சிலர் சொல்லலாம். எல்லைக்கு அப்பால் இருக்கும் தாய்லாந்தைப் பாருங்கள். பிரான்சில் சட்டம் படித்துத் திரும்பிய பிரிடி பனோம்யோங், 1932 புரட்சிக்குப் பிறகு, அரசுக் கழகத்துக்கு நிர்வாக வழக்குகளை விசாரிக்கும் அதிகாரத்தையும் கொடுக்க விரும்பினார். அவர் காலத்தில் அது கைகூடவில்லை. 1997-ம் ஆண்டு அரசியலமைப்பில் நிர்வாக நீதிமன்றம் இடம் பெற்றது. 1999-ல் சட்டம் வந்தது. 2001 மார்ச் 9-ந் தேதி பாங்காக்கில் கதவு திறந்தது. ரப்பர் விளையும் தென் பகுதியிலே சொங்க்லா நகரத்திலும் ஒரு நிர்வாக நீதிமன்றம் இருக்கிறது.

அங்கே வழக்கறிஞர் கட்டாயமில்லை. மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். பணம் கேட்காமல் உத்தரவை மட்டும் ரத்து செய்யக் கோரினால் கட்டணம் இல்லை. எல்லாவற்றையும்விட முக்கியம், உண்மையைத் தேடும் பொறுப்பு நீதிபதியினுடையது. இலாகாவின் கோப்பைக் கொண்டுவரச் சொல்லி அவரே ஆராய்கிறார். எழுத்தறியாத குடிமகன் சாட்சி தேடி அலைய வேண்டிய பாரம் அந்த அளவுக்குக் குறைகிறது.

பலன் என்ன? 2006 மார்ச்சில், அந்நாட்டு மின்சார வாரியத்தைத் தனியார் பங்குச் சந்தைக்குக் கொண்டுபோகப் பிறப்பித்த ஆணைகளை உச்ச நிர்வாக நீதிமன்றம் ரத்து செய்தது. அந்தத் தனியார்மயத்தை எதிர்த்துத் தெருவில் நின்றவர்களில் மின்சாரத் தொழிலாளர்களும் உண்டு. 2013 ஜனவரியில் இன்னொரு தீர்ப்பு. காஞ்சனபுரி மாநிலத்தில் கிளிட்டி ஓடையோரம் வாழும் கரேன் மக்களின் தண்ணீரில் ஈயச் சுரங்கக் கழிவு கலந்திருந்தது. மலைவாழ் ஏழைகள் 22 பேர் மாசுக் கட்டுப்பாட்டு இலாகாவின் மேல் வழக்குத் தொடுத்தார்கள். கடமை தவறிய இலாகா ஓடையைச் சுத்தம் செய்ய வேண்டும், வழக்குத் தொடுத்தவர்களுக்கு மொத்தம் ஏறத்தாழ 39 லட்சம் பாட் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. சுரங்க முதலாளியைக் கேள்வி கேட்பதோடு நில்லாமல், கண்ணை மூடிக்கொண்டிருந்த அதிகாரியையும் கூண்டில் நிறுத்திய வழக்கு இது.

குறைகளை மறைக்க வேண்டியதில்லை. கிளிட்டித் தீர்ப்பு வந்த பிறகும் ஓடையைச் சுத்தம் செய்யும் பணி தொடங்க ஆண்டுகள் சென்றன. தீர்ப்பு காகிதத்தில் இருந்தது, ஈயம் ஓடையில் இருந்தது. 2006-லும் 2014-லும் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது எந்த நீதிமன்றமும் அதைத் தடுக்கவில்லை. அரசாங்கத்துக்குப் பக்கத்திலேயே வளரும் நீதிபதி அரசாங்கத்தின் பிள்ளையாகிவிடுவான் என்ற டைசியின் அச்சத்தையும் அடியோடு தள்ளிவிட முடியாது. ஆகவே கட்டடம் கட்டினால் போதாது. உள்ளே உட்காரும் மனிதர் எப்படிப்பட்டவர் என்பதே கேள்வி. பயிற்சியும் நீதிபதிகளின் பரிமாற்றமும் இங்கேதான் முக்கியமாகின்றன.

1983-ல் பல நாட்டு உச்ச நிர்வாக நீதிமன்றங்கள் சேர்ந்து ஒரு சர்வதேசச் சங்கம் அமைத்தன. அதன் தலைமையகம் பாரிசில் இருக்கிறது. 2007-ல் பாங்காக்கிலும், 2010-ல் ஆஸ்திரேலியாவிலும், 2016-ல் இஸ்தான்புல்லிலும் அதன் மகாநாடுகள் நடந்தன. தொழிலாளிக்குச் சங்கம் ஆகாது என்று சொல்கிற கனவான்கள், நீதிபதிகளே சர்வதேசச் சங்கம் அமைத்திருப்பதைக் கவனிப்பார்களாக! ஒரு நாட்டில் நடைபெறும் நல்ல முறையை இன்னொரு நாட்டு நீதிபதி கண்ணால் பார்ப்பதில் பயன் உண்டு. விருந்துண்டு படம் எடுத்துக்கொண்டு திரும்பினால் அது வீண் செலவு. மனு எங்கே வாங்குகிறார்கள், எத்தனை நாளில் முடிக்கிறார்கள், தீர்ப்பை நிறைவேற்ற யார் பொறுப்பு என்று கேட்டறிந்து திரும்பினால் அது நாட்டுக்கு வரவு.

பிரான்சில் நிர்வாக நீதிபதியாகத் தேர்வாகிறவர் ஆறு மாதம் தனிப் பயிற்சி பெற்ற பிறகே ஆசனத்தில் அமர்கிறார். சாதாரண நீதிமன்றங்களுக்குச் செல்பவர்களுக்குப் போர்தோவில் தேசியப் பள்ளி இருக்கிறது. 1958-ல் தொடங்கிய அந்தப் பள்ளி, மாணவர்களை வழக்கறிஞர் அலுவலகத்துக்கும் சிறைச்சாலைக்கும் அனுப்பி அங்கே நாள் கழிக்கச் செய்கிறது. சிறைக்குப் போகச் சொல்லித் தீர்ப்பு எழுதப்போகிறவர், சிறை எப்படி இருக்கும் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா?

நம் நாட்டிலும் பயிற்சிக்கு இடம் இல்லாமலில்லை. பாங்கியில் நீதித்துறை, சட்டப் பயிற்சிக் கழகம் இருக்கிறது. 2012-ல் நீதிபதிகளுக்கென்று ஒரு கல்விக் கழகமும் ஏற்பட்டது. சட்டத்தை அங்கே கற்கலாம். ஆனால் பெரட்டுக்கு வராத நாளை எப்படிப் பதிகிறார்கள், மழை நாளில் தொழிலாளியின் வருமானம் என்ன ஆகிறது, மூன்று தலைமுறை ஒரே லயத்தில் இருந்தும் பிறப்புப் பத்திரம் இல்லாமல் போவது எப்படி என்பதை எந்தப் புத்தகத்தில் கற்பது? கிராணியின் பதிவேட்டைப் புரட்டினால் ஒரு மணி நேரத்தில் விளங்கும் விஷயம், நீதிமன்றத்தில் மூன்று நாள் வாதாடியும் விளங்காமல் போவதுண்டு.

போராடினால் மாற்றம் வரும் என்பதற்கும் நம்மிடமே சான்று இருக்கிறது. 1967-ம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின்படி, வேலை நீக்கப்பட்டவரின் புகார் தொழில் நீதிமன்றம் போக வேண்டுமா வேண்டாமா என்பதை மந்திரி முடிவு செய்து வந்தார். அவர் அனுப்ப மறுத்தால் கதவு அடைபட்டது. 2021 ஜனவரி 1 முதல் அந்த மந்திரி அதிகாரம் நீங்கியது. சமரசம் ஆகாத புகாரை இலாகாவே நேராக அனுப்புகிறது. ஆனால் நீக்கப்பட்ட 60 நாளுக்குள் மனுக் கொடுக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. இதை ஒவ்வொரு தோட்டக் கிளையும் மனப்பாடம் செய்து வைத்திருக்க வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது இவைதான். அதிகாரியின் முடிவை எதிர்க்க, வழக்கறிஞர் இல்லாமலே மனுக் கொடுக்கக்கூடிய எளிய நிர்வாக நீதிமன்றத்தை அமைக்க வேண்டும். எந்த மனுவை மறுத்தாலும் காரணத்தை எழுத்தில் கொடுக்கும் கடமையை இலாகாக்களுக்குச் சட்டம் விதிக்க வேண்டும். குடியுரிமை முடிவுகளை நீதிமன்றம் பார்க்கத் தடையாக இருக்கும் வாசகத்தை நீக்க வேண்டும். வெளிநாட்டு நீதிமன்றங்களைப் பார்வையிடச் செல்லும் நீதிபதிகள், பாரிசுக்குப் போனாலும் சரி, சொங்க்லாவுக்கும் ஒருமுறை போய் வர வேண்டும். அவர்களுடைய பயிற்சியில் தோட்டங்களில் கழிக்கும் சில நாட்களும் சேர வேண்டும். அவர்களை வரவேற்கத் தொழிலாளர்களும் கிராணிமாரும் தயாராக இருக்கிறார்கள்.

நம் பங்குக்கு நாம் செய்ய வேண்டியதும் உண்டு. இலாகாவிலிருந்து வரும் எந்தக் கடிதத்தையும் கிழித்தெறியக்கூடாது. வந்த தேதியை அதன் மேலேயே எழுதி வைக்க வேண்டும். மறுப்பு வந்தால் மறுநாளே கிளைச் செயலாளரிடம் கொண்டுபோக வேண்டும். மூன்று மாதம், அறுபது நாள் என்று சட்டம் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறது. நாமும் எண்ணத் தொடங்க வேண்டும். காம் என்ற அந்த ஆயுதச் சாலைத் தொழிலாளி, மந்திரி கொடுத்ததை வாங்கிக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போயிருந்தால், அந்தத் தீர்ப்பு உலகத்துக்குக் கிடைத்திருக்காது.