மலையும் வேண்டும், அறிவியலும் வேண்டும்: இருண்ட பொருளைத் தேடும் நியூட்ரினோ

செல்லூரில் தறிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாலும் சரி, கண்மாய்க்கரையில் நின்றாலும் சரி, உங்கள் விரல் நகத்தின் வழியே நொடிக்குச் சுமார் 6,500 கோடி நியூட்ரினோக்கள் கடந்து போகின்றன. எல்லாம் சூரியனிலிருந்து வருபவை. நம்மை ஒன்றும் செய்யாது.

இருண்ட பொருள்னா என்ன?

நட்சத்திரம், மண், மனிதன் என நாம் அறிந்த பொருளெல்லாம் பிரபஞ்சத்தில் 5 சதவீதம்தான். சுமார் 27 சதவீதம் இருண்ட பொருள். ஒளி விடாது, ஈர்ப்பு விசையால் மட்டுமே தன் இருப்பைக் காட்டும். அது துகள்களால் ஆனதென்றால், இரண்டு துகள்கள் மோதி அழிந்து வேறு துகள்களாக மாறலாம் என்பது ஒரு கணிப்பு.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

சூரியனின் ஈர்ப்பில் சிக்கும் இருண்ட துகள்கள் அதன் மையத்தில் சேர்ந்து, மோதி அழியலாம். அப்போது பிறப்பவற்றில் வெளியே தப்பி வரக்கூடியது நியூட்ரினோ மட்டும்தான். வழக்கமான சூரிய நியூட்ரினோவைவிட இதற்குப் பல நூறு மடங்கு ஆற்றல் இருக்கும். அதுதான் அடையாளம். தென் துருவத்தின் ஐஸ்கியூப் ஆய்வகம் தேடியது, இன்னும் சிக்கவில்லை.

தேனியில் என்ன ஆச்சு?

பொட்டிபுரத்தில் மலையைக் குடைந்து, 50,000 டன் காந்தமேற்றிய இரும்புடன் அமையவிருந்த ஆய்வகத்துக்கு 2015-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மதிப்பு சுமார் 1,500 கோடி ரூபாய். நியூட்ரினோக்களின் நிறை வரிசையை அறிவது அதன் முதல் நோக்கம். இருண்ட பொருளின் தடயத்தையும் அதில் தேட முடியும். புலிகளின் வழித்தடம் பாதிக்கும் என்பதால் அனுமதிக்க முடியாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றத்தில் தமிழக அரசு சொல்லிவிட்டது.

இந்த விவாதத்தில் இரண்டு விஷயங்கள் குழம்பிப்போயின. நியூட்ரினோவால் கதிர்வீச்சு வரும் என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை. காடு, தண்ணீர் பற்றிய கவலை நியாயமானது. முதலாவதற்குத் தமிழில் பொறுமையாக விளக்கம் சொல்லியிருக்க வேண்டும். இரண்டாவதற்கு மாற்று இடம் தேடியிருக்க வேண்டும்.

1965-லேயே கோலார் தங்கச் சுரங்கத்தில் வளிமண்டல நியூட்ரினோவைப் பதிவு செய்த நாடு இது. இன்று நிறை வரிசையைத் தேடும் சீனாவின் ஜூனோ ஆய்வகம் 2025 ஆகஸ்டில் பணியைத் தொடங்கிவிட்டது. நம்மிடம் இருப்பது மதுரையில் 2018-ல் இயங்கத் தொடங்கிய 85 டன் மாதிரிக் கருவி. செல்லூர் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப்போய் அதைக் காட்டட்டும். ஊருக்குப் புரியாத திட்டம் ஊரில் நிலைக்காது.